பின்னால் பேசிய பெண்

மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று போன வாரம் ரத்தம் பார்க்கப் போயிருந்தேன். ஊசி புதுசுதானா என்று நான் கேட்டதில் அந்த நர்சம்மாவுக்குக் கோபம். கவரை என் கண்ணுக்கு முன்னால் கிழித்துக் காட்டினார். கிழிப்பதற்கு முன் அது ஒட்டித்தான் இருந்ததா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு என் முழங்கை மடிப்பில் தேய்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு டேப் ரிக்கார்டர் ஞாபகம் வரும். நீட்டிய கையை மடக்காமலே, "ஹெட்டத் தொடச்சாச்சு, இனிமே சவுண்டு கிளியரா வரும்" என்று சொல்லிவிட்டேன். நர்சம்மா என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் எவ்வளவு என்று இன்னொரு முறை பார்த்தார்.

ஹெட் என்றால் என்ன என்று கேட்கிற வயசுக்காரராக நீங்கள் இருந்தால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சொல்லிவிடுகிறேன். கேசட்டுக்குள் ஓடுகிற பழுப்பு நாடா வெறும் பிளாஸ்டிக்தான். அதன்மேல் இரும்புத் தூள் மாதிரி ஒன்றைப் பூசியிருப்பார்கள். குரலைக் காந்தமாக மாற்றி அந்தத் தூளில் எழுதுவது ரிக்கார்டிங். எழுதியதைத் தடவிப் பார்த்து மறுபடி குரலாக்குவது பிளேபேக். தடவுகிற விரல்தான் ஹெட். கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளபளப்பான ஒரு உலோகத் துண்டு. நாடாவின் அழுக்கு அதில் ஏறிவிட்டால் பாடுகிறவர் போர்வைக்குள் இருந்து பாடுவார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு துடை துடைத்தால் போர்வையை விலக்கிவிட்டு எழுந்து வருவார். எங்கள் தொழிலில் பாதி இந்தத் துடைப்புதான். மீதிப் பாதி பேச்சு.

எங்கள் என்றால் நானும் அந்தோணியும். தொண்ணூறுகளின் பின்பாதியில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தோம். அந்தோணி ரேடியோ மெக்கானிசம் படிப்பை முழுதாக முடித்தவன். நான் பத்தாவதில் கணக்கிலும் இங்கிலீசிலும் கவிழ்ந்து, அதே வகுப்பில் சேர்ந்து, வாத்தியார் நாற்காலிக்கு அடியில் ஸ்பீக்கர் வைத்து ஒரு சத்தம் விட்டதற்காக மூன்றாம் மாதமே வெளியேற்றப்பட்டவன். அது என்ன சத்தம் என்று இங்கே எழுத முடியாது. ஆக, கடைக்கு அவன் கை, நான் வாய்.

எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர் போனது. ஒரு ஊரே உட்கார்ந்து பூட்டு செய்கிறது என்றால் அந்த ஊருக்குப் பக்கத்து வீட்டுக்காரன்மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்? இது என் கருத்து. அந்தோணி ஒத்துக்கொள்ள மாட்டான். ஆனால் வாடிக்கையாளர்கள் ஒத்துக்கொண்டிருப்பார்கள். செட்டுக்குள் ஏதோ ஒரு 'நல்ல சாமான்' இருக்கிறது, மெக்கானிக் அதை உருவிக்கொண்டு மட்டச் சாமானை வைத்துவிடுவான் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். வேடசந்தூர் மில்லில் வேலை பார்த்த ஒருவர் ஷிப்டு முடிந்து நேராக வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "தம்பி, முதுகத் திருப்பாம வேல பாரு" என்பார். செம்பட்டியிலிருந்து வந்த ஒரு விவசாயி ஒவ்வொரு ஸ்க்ரூ தலையிலும் மனைவியின் நகப்பாலீஷை வைத்துக்கொண்டு வந்தார். இன்னொருவர் மூடி திறக்கும் இடத்தில் தன் தலைமுடி ஒன்றைக் குறுக்காக ஒட்டியிருந்தார். நான் அதை எடுத்துவிட்டு அந்தோணியின் சுருட்டை முடி ஒன்றை அதே இடத்தில் ஒட்டி அனுப்பினேன். மறுநாள் காலை நாங்கள் கடை திறக்கும் முன்பே அவர் வாசலில் நின்றார்.

சந்தேகத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து வார்த்தை. உள்ளே ஓடுகிற ரப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னால், "ரப்பருக்கா இம்புட்டு?" என்பார்கள். "ஐசி வீக்" என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்வார்கள். ஐசி என்பது வெள்ளிக்கால் வைத்த கறுப்புப் பூரான் மாதிரி இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் சண்டை எப்படி வரும்?

வாட்ஸ் கதை இதைவிடப் பெரிய மோசடி. அதில் எனக்குப் பங்கில்லை, அட்டைப் பெட்டிக்காரர்கள் செய்தது. கைக்கு அடக்கமான செட்டின் பெட்டியில் ஆயிரம், இரண்டாயிரம் என்று எண் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் பிஎம்பிஓ என்று இருக்கும். ஒருவன் உயிர் போகிற நேரத்தில் ஒரே ஒரு தடவை கத்துகிற கத்தலை அளந்து, தினமும் இவன் இப்படித்தான் பேசுவான் என்று எழுதிக் கொடுப்பதற்குப் பேர் பிஎம்பிஓ. மோனோ என்றால் ஒரே வழியாக வருகிற சத்தம். ஸ்டீரியோ என்றால் இடது காதுக்குத் தனி, வலது காதுக்குத் தனி. ஒரே சேதியை ஒரு பக்கம் மாமியாரும் மறு பக்கம் மருமகளும் சொல்வது போல. ஈக்வலைசர் என்பது வரிசையாக ஏற்றி இறக்குகிற குமிழ்கள். அடிக் கனத்தைக் கூட்டலாம், உச்சிக் கீச்சைக் குறைக்கலாம். குழம்பில் உப்பும் புளியும் கூட்டிக் குறைக்கிற வேலைதான், ஆனால் போடாத மீனை அது கொண்டுவராது. இதை நான் வாடிக்கையாளர்களிடம் சொன்னதில்லை. ஈக்வலைசரால் எதையும் செய்ய முடியும் என்றே சொல்லி வந்தேன்.

அப்படிச் சொல்லி வந்த வாய்தான் ஒருநாள் மாட்டிக்கொண்டது.

சலீம் பாய் என்று ஒருவர். தோல் வியாபாரம். பேகம்பூர் பக்கம் கிடங்கு. அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனை வந்துவிடும். அவருடைய தங்கை ஜமீலா அக்காவின் டேப் ரிக்கார்டரை ஒரு முறை கொண்டுவந்தார். ஹெட் தேய்ந்து போயிருந்தது. அந்த அளவுக்குப் புது ஹெட் கைவசம் இல்லை. அந்தோணியும் அன்றைக்கு இல்லை. நான் ஒரு செத்த செட்டிலிருந்து ஹெட்டைக் கழற்றி, சரியாக உட்காராததால் அடியில் ஒரு குட்டி வாஷரைக் கொடுத்து முறுக்கினேன். சத்தம் வந்தது. "ஐசி போயிருச்சு பாய், மாத்திட்டேன்" என்றேன். அவர் சந்தேகமாக என்னைப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள் என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். சலீம் பாய், ஜமீலா அக்கா, அக்காவின் மாமியார். அக்கா கையில் துணிப்பை ஒன்று புடைத்துக்கொண்டு இருந்தது. சலீம் பாய் செட்டை மேசையில் வைத்தார்.

"தம்பி, இது ரிப்பேர் இல்ல. இந்தக் கேசட்டுல எங்க மச்சான் பேசுறாரு. அவருக்குப் பின்னாடி ஒரு பொம்பள பேசுறா. அவரு சத்தத்தக் கொறச்சு அவ சத்தத்த மட்டும் கூட்டி, வேற கேசட்டுல ஏத்திக் குடு. ஜமாத்துப் பஞ்சாயத்துல வைக்கணும்."

"எம்மவன் சத்தத்தக் கொறைக்க இவரு யாரு?" என்றார் மாமியார். "அண்ணனும் தங்கச்சியும் சேந்து இல்லாதத ஒட்டிறக் கூடாதுன்னுதான் நானும் கூட வந்தேன்."

ஜமீலா அக்காவின் கணவர் சிராஜ் சவூதிக்குப் போய் இரண்டு வருடம். அங்கிருந்து போன் என்றால் நாலு வார்த்தைக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்தக் காலத்தில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊருக்கு லீவில் வருகிற ஆள் கொண்டுவந்து தருவார். திரும்பிப் போகிற ஆள் பதிலை வாங்கிக்கொண்டு போவார். போகிறவரிடம் ஏற்கனவே ஊறுகாய், இடித்த பொடி, ஜிப்பா என்று ஊரே ஏற்றியிருக்கும். அதனால் ஒரே கேசட்தான் போகும், வரும். ஏ பக்கம் அவர், பி பக்கம் இவர். அவர் பதிலைக் கேட்டுவிட்டுத் தன் பக்கத்தில் பழைய பேச்சின் மேலேயே புதுசாகப் பேசி அனுப்புவார். இங்கே இவர்களும் அப்படியே.

"எத்தன நாளாக் கேக்குது?" என்றேன்.

"ரெண்டு தடவையா" என்றார் ஜமீலா அக்கா. "மொத தடவ ரேடியோ எதுவும் ஓடுதோன்னு விட்டேன். இப்ப அவரு பேசப் பேச அவளும் கூடவே பேசுறா. நிறுத்தவே மாட்டேங்குறா. எனக்குச் சத்தங்கூட வேணாம் தம்பி, என்ன பாஷைன்னு தெரிஞ்சாப் போதும். இல்லாட்டி நான் வத்தலக்குண்டு பஸ்ஸு ஏறிருவேன். எங்கம்மா வீடு அங்கதான்."

பாஷை விசாரணை ஏற்கனவே நடந்திருந்தது. "செட்டோட தூக்கிட்டுப் போயி பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் காட்டுனோம். அரபி இல்லேன்னுட்டாரு" என்றார் சலீம் பாய். "டீக்கடை மலையாளத்துக்காரரு ரெண்டு நிமிசம் காதக் குடுத்துட்டு, எங்க ஊருல யாரும் இப்படிப் பேசமாட்டாங்கன்னாரு. தெலுங்கும் இல்ல. பிலிப்பைன்ஸ் நர்சா இருக்கும்னு ஒருத்தன் சொல்றான்."

"வேற செட்டுல போட்டுப் பாத்தீங்களா பாய்?"

"ஏன், தெருவுல போயி மைக்கு வச்சுப் போடவா?"

எனக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். இப்படி ஒரு வேலை அதுவரை வந்ததில்லை. கேசட்டைக் கடையின் பெரிய டெக்கில் போட்டு, ஈக்வலைசர் குமிழ்களில் பத்து விரலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிராஜின் குரல் சுத்தமாக வந்தது. "ஜமீலா, நல்லாருக்கியா? இங்க வெயில் பாடாப்படுத்துது. சோத்துக்கு வெஞ்சனம் ஒண்ணும் வாய்க்கு வெளங்கல..." ஐந்து நிமிடம் ஓடியது. ஒரு பெண்ணும் வரவில்லை.

"எங்க அவ?" என்றார் சலீம் பாய்.

"இல்லையே பாய்."

"அழிச்சுட்டான்! குமிழத் திருகி அழிச்சுட்டான்! சிராஜு ஒனக்குக் காசு குடுத்தானா?"

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, எம்மவன் பின்னாடி யாரும் இல்லேன்னு" என்றார் மாமியார்.

ஜமீலா அக்கா கேசட்டை எடுத்துத் தன் செட்டில் போட்டு அழுத்தினார். வந்துவிட்டாள். சிராஜின் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு பெண். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே பேசுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சொல்லும் மெல்லக் கிளம்பிப் பெரிதாகி டக்கென்று அறுந்தது. எனக்கும் அந்தப் பாஷை விளங்கவில்லை. கேட்கக் கேட்கச் சண்டை போடுகிற மாதிரியும், கொஞ்சுகிற மாதிரியும் இருந்தது. சந்தேகத்தோடு கேட்டால் எல்லாக் குரலும் அப்படித்தான்.

மூலையில் சால்டரிங் செய்துகொண்டிருந்த அந்தோணி எழுந்து வந்தான். கேசட் கதவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ஏலே, ஹெட்டுக்கு அடியில அந்த வாஷர வச்சது யாரு?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முதலில் தோன்றியது, சத்தமில்லாமல் வாஷரை உருவிவிட்டு, "ஐசியைச் சுத்தம் பண்ணிட்டேன், பொம்பள போயிட்டா" என்று சொல்லிவிடலாம் என்பதுதான். ஆனால் அப்படிச் செய்தால் மறுபடியும் நான் அழித்துவிட்டதாகத்தான் ஆகும். அந்தப் பெண் யார் என்ற கேள்வி அக்காவின் பையோடு வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறிவிடும். சரி, நல்லவிதமாக விளக்கிவிடுவோம் என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, இதுக்குப் பேரு கிராஸ்டாக்கு. ஒரு டிராக்குல இருந்து இன்னொரு டிராக்கு லீக்காகி..."

"போன தடவ ஐசின்ன" என்றார் சலீம் பாய். "இப்ப டாக்குங்கற, லீக்குங்கற. எவ்வளவு ஆகும்னு மட்டும் சொல்லு."

வாழ்க்கையில் முதல் தடவையாக வாடிக்கையாளரிடம் உண்மை பேசுகிறேன், ஒருத்தரும் நம்பவில்லை. மூன்று வருடமாக நானே கெடுத்து வைத்த காது அது. வேறு வழி தெரியாமல் கேசட்டைத் திருப்பி, அவர்கள் செட்டிலேயே பி பக்கத்தைப் போட்டேன். அதை இங்கே யாரும் கேட்டதே இல்லை. தன் குரலைத் தானே யார் திரும்பக் கேட்பார்கள்?

"அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க எல்லாரும் நல்லாருக்கோம். மாமிக்கு முட்டு வலி தேவல..." ஜமீலா அக்காவின் குரல். வேற்று ஆட்கள் முன்னால் அது ஒலித்ததில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய குரலுக்குப் பின்னால், தூரத்தில், கட்டைக் குரலில் ஒரு ஆண் புரியாத பாஷையில் பேசிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் பொறுமையாக விளக்கியிருப்பான். நான் என்ன செய்தேன் என்றால், "அக்கா, ஒங்களுக்குப் பின்னாடியும் ஒரு ஆம்பள பேசுறாரே, அவரு யாரு?" என்று கேட்டேன்.

சலீம் பாய் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். மாமியார் பெஞ்சிலிருந்து எழுந்தார். "ஏன்டி, யாருடி அது?"

"மாமி!" என்றார் அக்கா. "நான் பேசும்போது நீங்கதான் பக்கத்துல ஒக்காந்து தஸ்பீ மணி உருட்டிக்கிட்டு இருந்தீங்க. கதவு சாத்தியிருந்துச்சு. வீட்டுல ஆம்பளன்னு ஒரு பூனைகூட இல்ல. இது எங்கேருந்து..."

செட்டுப் பக்கம் காதைச் சாய்த்தார். செட் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பேசுகிறார், அவன் பேசுகிறான். அவர் இருமுகிறார், அவன் பேசிக்கொண்டே இருக்கிறான். என் காலரும் சலீம் பாயின் கையும் அந்தரத்தில் நின்றன. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நான் பேசும்போது யாரும் இல்ல. அது எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "அப்ப... அவரு பேசும்போதும் யாரும் இல்லையா தம்பி?"

"இல்லக்கா. ஒங்களுக்குப் பின்னாடி பேசுறது அவரு. அவருக்குப் பின்னாடி பேசுனது நீங்க. தலைகீழா ஓடுறதுனால வேற பாஷையாக் கேக்குது."

காலரை விடாமலே சலீம் பாய் கேட்க, நான் சொன்னேன். நாடா என்பது மதுரை ரோடு மாதிரி. ஒரு பாதியில் போகிற வண்டி, மறு பாதியில் வருகிற வண்டி. ஏ பக்கம் போனால் பி பக்கம் எதிரே வரும். ஹெட் என்பது தன் பாதியை மட்டும் பார்த்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள். நான் அவனுக்கு அடியில் ஒரு வாஷரைக் கொடுத்துக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன். அவன் எதிர்ப்பக்கத்தையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

நம்பினார்களா என்றால், திண்டுக்கல்லில் சொல்லி யார் நம்புவார்கள்? அந்தோணி வாஷரை எடுத்துவிட்டு ஓட்டினான். ஆண் போய்விட்டான். மறுபடி வைத்தான். வந்துவிட்டான். "இன்னொரு தடவ" என்றார் சலீம் பாய். "அந்தப் பக்கமும் போட்டுக் காட்டு" என்றார் மாமியார். நாலு தடவை ஏற்றி இறக்கிய பிறகு மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்.

"எம்மவன் கடல் தாண்டித் தனியா ஒக்காந்து பேசுறான். அங்கயும் இவ குறுக்க குறுக்கப் பேசிக்கிட்டு இருந்திருக்கா, பாருங்க."

ஜமீலா அக்கா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர் அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அப்ப அந்த ஐசி?" என்றார் சலீம் பாய்.

"ஐசி நல்லாருக்கு பாய். அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் என் காலரை விட்டார். கசங்கியதை நீவிச் சரிசெய்தும் விட்டார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அந்தோணி எங்கிருந்தோ சரியான ஹெட் ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். ரிக்கார்டிங்கில் எரேஸ் ஹெட் என்று இன்னொன்று உண்டு. புதுப் பேச்சை எழுதுமுன் பழையதை அழித்துக்கொண்டே முன்னால் போகிற ஹெட் அது. மாட்டி முடித்ததும் அவன் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம், "ஒன் வாய்க்கு மொதல்ல ஒரு எரேஸ் ஹெட்டு வாங்கி மாட்டணும்லே."

ஸ்க்ரூ தளராமல் இருக்க நாங்கள் அதன் தலையில் ஒரு சொட்டுச் சிவப்புப் பெயிண்ட் வைப்பது வழக்கம். தூரிகையை நான் எடுத்தபோது ஜமீலா அக்கா கையை நீட்டினார். "குடுங்க தம்பி, நானே வச்சுக்கறேன்." வைத்தார். உற்றுப் பார்த்து, அருகில் தனக்கு மட்டும் தெரிகிற மாதிரி இன்னொரு பொடிப் புள்ளியும் வைத்துக்கொண்டார். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்த அண்ணன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு மாமியாரோடு வீட்டுப் பக்கம் திரும்பினார். அந்த செட் அதன் பிறகு எங்கள் கடைக்கு வரவே இல்லை. அது நன்றாக ஓடியதா, எங்கள்மேல் நம்பிக்கை போய்விட்டதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் சீடி வந்தது, கேசட் நாடாவைக் கொய்யா மரத்தில் காக்காய் விரட்டக் கட்டினார்கள். பிறகு மெமரி கார்டு வந்தது. அந்தோணி கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். அந்தச் சந்தில் இப்போது நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ஒருவரும் ஸ்க்ரூவில் நகப்பாலீஷ் வைத்துக்கொண்டு வருவதில்லை. தலைமுடி ஒட்டுவதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பார்ப்பதில்லை. பாஸ்வேர்டைக்கூடச் சொல்லிவிட்டு, "செத்த நேரத்துல வாரேன்" என்று போனைக் கொடுத்துவிட்டு பிரியாணி சாப்பிடப் போகிறார்கள். இவ்வளவு நம்பிக்கை எனக்குப் பழக்கமில்லை.

துபாயிலிருந்து என் மச்சினன் குரல் அனுப்புகிறான். அங்கே வாயை மூடுவதற்குள் இங்கே வந்துவிடுகிறது. அவன் என்ன சொன்னான் என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். என் காது மட்டும் பழக்க தோஷத்தில் அவனுக்குப் பின்னால் போய்த் தேடுகிறது. போன தடவை நான் இங்கிருந்து பேசியது தலைகீழாக எங்காவது ஓடுகிறதா என்று. ஒன்றும் இல்லை. அவன் பேசுகிறான், அவ்வளவுதான்.